கேட்டுட்டு எடுங்க



கொஞ்சம் நீளமான பதிவு. தோட்டத்திலும் டவுனிலும் இருக்கிற நம் ஆட்கள், முக்கியமாக வட்ஸ்அப் குரூப் நடத்துகிறவர்கள், கடைசி வரை வாசித்தால் நல்லது. யாரையும் குத்திக்காட்ட எழுதவில்லை. நடந்த பிழையில் எனக்கும் பங்கு இருக்கிறது.

நான் படிப்பிக்கிற பிள்ளை ஒருவரின் பாட்டிக்கு சீனி வருத்தமும் பிரஷரும். முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். பிள்ளையின் அம்மா வெளிநாட்டில், மாமா கொழும்பில் கடையொன்றில் வேலை. மாதம் ஒருமுறை பாட்டி கிளினிக் போக வேண்டும். டொக்டர் சிங்களத்தில் பேசுவார். பாட்டிக்கு "எபா", "ஹரி" தவிர வேறு சிங்களம் தெரியாது. எனக்கு சிங்களம் ஓடும் என்பதால், விடுமுறை நாளில் கிளினிக் விழுந்தால் நான் கூடப் போவேன். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதவில்லை. இது எந்த ஆஸ்பத்திரியிலும் நடக்கக்கூடியதுதான்.

ஒருநாள் அப்படிப் போயிருந்தோம். டொக்டர் பேசிக்கொண்டு இருக்கும்போதே நிறுத்திவிட்டு, பாட்டியின் மடியைப் பார்த்தார். கிளினிக் கொப்பிக்கு அடியில் போன், ரெக்கோர்ட் ஓடிக்கொண்டிருந்தது. டொக்டரின் முகம் மாறிவிட்டது. "இது எதற்கு? பேஸ்புக்கில் போடவா?" என்று கேட்டார். எனக்கே அது தெரியாது. பாட்டி பயந்துபோய் என்னைப் பார்த்தார்.

பிறகுதான் விஷயம் விளங்கியது. போன மாதம் டொக்டர் ஒரு மாத்திரையைப் பாதியாகக் குறைத்திருக்கிறார். நான் போகாத மாதம் அது. பாட்டி விளங்காமல் முழு மாத்திரையையே போட்டு, மலையில் இரண்டு தரம் மயங்கி உட்கார்ந்திருக்கிறார். கொழும்பில் இருக்கிற மகனுக்கு சிங்களம் தெரியும். "அம்மா, டொக்டர் பேசுறத ரெக்கோர்ட் பண்ணி அனுப்புங்க, நான் கேட்டு சொல்றேன்" என்று சொல்லி, பொத்தானை எப்படி அமத்துவது என்றும் காட்டிக் கொடுத்திருக்கிறார்.

நான் இதை டொக்டருக்குச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "முதலே கேட்டிருந்தால் நானே மெதுவாகச் சொல்லியிருப்பேனே" என்றார். போனை எடுத்துத் தன் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு மாத்திரையாகக் காட்டி, எத்தனை, எத்தனை மணிக்கு என்று நிதானமாகச் சொன்னார். எனக்கு சந்தோஷம். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்து வெளியே வந்தேன்.

தீரவில்லை.

நம் கிளினிக் அறை எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஒரு மேசை, பக்கத்தில் வாங்கு, அதில் அடுத்த மூன்று நான்கு பேர். பாட்டி எழும்பும்போதே அடுத்தவர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். நான் துண்டை வாங்கிக்கொண்டு நின்றேன். போன் மேசையில் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு நிமிஷம்கூட இருக்காது. அந்த ஒரு நிமிஷத்தில், அடுத்து உட்கார்ந்த அக்கா தன் வருத்தத்தை டொக்டரிடம் சொல்லிவிட்டார். என்ன வருத்தம் என்று நான் எழுத மாட்டேன். எழுதினால் நடந்ததையே நானும் திரும்பச் செய்தவளாவேன்.

பாட்டியின் மகன் அந்த ரெக்கோர்ட்டைக் கேட்டுவிட்டு, குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியட்டும் என்று அவர்களுடைய குரூப்பில் போட்டிருக்கிறார். கடைசி வரை கேட்டிருக்க மாட்டார். குரூப்பில் இருந்த யாரோ கேட்டிருக்கிறார். குரல் யாருடையது என்று கண்டுபிடிக்க நம் தோட்டங்களில் எவ்வளவு நேரமாகும்? மூன்றாம் நாள் பாடசாலை கேட்டடியில் இரண்டு அம்மாமார் அதைப் பற்றிக் குசுகுசுத்தார்கள். அந்த அக்காவின் பிள்ளையும் எங்கள் பாடசாலைதான்.

அதற்குப் பிறகு அந்த அக்கா இரண்டு மாதம் கிளினிக் போகவில்லை.

இதில் கெட்டவர் யார்? பாட்டியா? மகனா? டொக்டரா? யாருமே கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. நான் டொக்டரிடம் அனுமதி எடுத்துக் கொடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணிடம் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. படித்தவள், சிங்களம் தெரிந்தவள், உதவிக்குப் போனவள் என்ற நினைப்பில் இருந்த நானே மறந்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். டொக்டர் சொல்வதை நோயாளி ரெக்கோர்ட் பண்ணுவது குற்றம் என்று நான் சொல்லவில்லை. டொக்டர் சொல்லும் விஷயத்தில் 40 முதல் 80 வீதம் வரை நோயாளிகள் உடனேயே மறந்துவிடுகிறார்கள் என்று வெளிநாட்டு மருத்துவ ஆய்வுகள் சொல்கின்றன. தன் தாய்மொழியில் கேட்கிறவர்களுக்கே அப்படி என்றால், தெரியாத மொழியில் கேட்கிறவர்களின் நிலை என்ன? தமிழும் அரச கரும மொழி என்று 13ஆவது திருத்தம் வந்தது 1987 இல். நுவரெலியா மாவட்டத்துப் பிரதேச செயலகப் பிரிவுகளை இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவித்தது 1999 இல். ஆனாலும் இன்றைக்கும் நம் தாய்மார் கையில் மாத்திரை உறையை வைத்துக்கொண்டு பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் "இதில என்னா எழுதியிருக்கு?" என்று கேட்கிறார்கள். பாட்டியின் மடியில் அந்தப் போன் இருந்ததற்குக் காரணம் இதுதான். கிளினிக்கில் தமிழில் சொல்ல ஒருவர் இருந்திருந்தால் அந்த ரெக்கோர்ட்டுக்கே அவசியம் இருந்திருக்காது.

அதேபோல, சம்மதம் என்ற சொல்லுக்கும் இந்த மலையில் ஒரு பழைய கதை இருக்கிறது. நம் அயலில் வாழும் தோட்ட மக்கள் இங்கே வந்து 200 வருஷம் என்று 2023 இல் நினைவுகூர்ந்தோம். அந்த 200 வருஷத்தில் எத்தனை தாளில் கைநாட்டு வாங்கியிருப்பார்கள்? அதில் எத்தனையை வாசித்துக் காட்டியிருப்பார்கள்? 1980களில் குடும்பக் கட்டுப்பாட்டு ஒபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு அரசாங்கம் 500 ரூபா கொடுத்தது. அன்றைய தோட்டச் சம்பளத்துக்கு அது பெரிய காசு. தோட்டப் பெண்கள் அதை எவ்வளவு விளங்கிச் சம்மதித்தார்கள் என்று ஆய்வாளர்கள் பின்னாளில் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள். தாளில் கையெழுத்து இருக்கலாம். சொன்னது விளங்கி, "வேண்டாம்" என்று சொல்லவும் இடம் இருந்து, அதன் பிறகு "சரி" என்று சொன்னால்தான் அது சம்மதம்.

ஒரு முஸ்லிமாக 2019 மே மாதத்தை நான் மறக்க முடியாது. ஈஸ்டர் தாக்குதல் முடிந்து ஒரு மாதம். மே 23ஆம் திகதி திவயின பத்திரிகை, ஒரு முஸ்லிம் டொக்டர் 4,000 சிங்களத் தாய்மாருக்குக் கருத்தடை செய்துவிட்டதாக முன்பக்கத்தில் போட்டது. மறுநாள் குருநாகல் வைத்தியசாலை டொக்டர் ஷாபி கைதானார். பிறகு குற்றப் புலனாய்வுத் திணைக்களம் அதற்கு ஆதாரமில்லை என்று நீதிமன்றத்துக்குச் சொன்னது. ஜூலை 25 இல் பிணை கிடைத்தது. பிந்தி அவருக்கு வேலையும் திரும்பக் கிடைத்தது. 2022 இல் கைக்கு வந்த நிலுவைச் சம்பளம் 26 இலட்சத்துக்கு மேல். அதை ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கக் கொடுத்துவிட்டார்.

அந்தக் கதையை நாம் எப்போதும் டொக்டரின் பக்கத்தில் நின்று மட்டும்தான் சொல்கிறோம். நான் இப்போது நினைப்பது முறைப்பாடு கொடுக்க வந்த அந்த நூற்றுக்கணக்கான பெண்களை. அவர்களும் பயத்தில் வந்தவர்கள். பிள்ளை ஏன் தங்கவில்லை, ஒபரேஷன் நேரத்தில் வயிற்றுக்குள் என்ன செய்தார்கள் என்று தெரியாதவர்கள். அவர்களுடைய பிரசவக் கதையும், பிள்ளை இல்லாத கவலையும் கமெராவுக்கு முன்னால் நாட்டுக்கே செய்தியானது. ஒபரேஷனுக்கு முன்னும் பின்னும் யாராவது அவர்களுக்கு விளங்குகிற மாதிரி எடுத்துச் சொல்லியிருந்தால், ஒரு பத்திரிகைத் தலைப்பு அவர்களை இப்படிப் பயமுறுத்தியிருக்குமா? விளக்கம் சொல்லாத இடத்தில் வதந்தி வந்து குடியேறும். அது டொக்டரையும் விடாது, நோயாளியையும் விடாது.

கொவிட் காலமும் நினைவிருக்கும். யாருக்கு வந்தது, எந்த ஊர், எந்த மதம், எந்த வீடு என்று போனுக்குப் போன் பறந்தது. நோய் தெரியவந்தால் ஊரே ஒதுக்கும் என்ற பயத்தில் காய்ச்சலை மறைத்தவர்கள் நம் டவுனிலும் இருந்தார்கள். ரகசியம் காக்கப்படாது என்று தெரிந்தால் மனிதர்கள் நோயை மறைப்பார்கள். அந்த அக்கா கிளினிக்கை நிறுத்தியதும் அதனால்தான்.

"இது நம்ம ஊர்ப் பிரச்சினை, படிக்காத ஜனங்க" என்று யாரும் சொல்ல வேண்டாம். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் இப்போது டொக்டரின் மேசையிலேயே ஏ.ஐ. ரெக்கோர்ட் வந்துவிட்டது. டொக்டரும் நோயாளியும் பேசுவதைக் கேட்டு, அதுவே குறிப்பை எழுதிக் கொடுக்கிறது. டொக்டருக்கு எழுத்து வேலை குறைகிறது, நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேச நேரம் கிடைக்கிறது. அது நல்லதுதான். அதை எப்படிப் பாவிக்க வேண்டும் என்று இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை 2025 ஏப்ரலில் வழிகாட்டலும் வெளியிட்டது. ஆனால் அதே வருஷம் நவம்பரில் அமெரிக்காவின் சான் டியாகோவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி நிறுவனத்துக்கு எதிராக வழக்குப் போட்டார்கள். குற்றச்சாட்டு என்ன தெரியுமா? நோயாளியிடம் கேட்காமலே ரெக்கோர்ட் பண்ணிவிட்டு, "நோயாளிக்குச் சொல்லப்பட்டது, அவர் சம்மதித்தார்" என்று குறிப்பிலும் எழுதியிருக்கிறது என்பதுதான். அதை வாசித்தபோது எனக்கு நம் கைநாட்டு ஞாபகம்தான் வந்தது. கருவி நாளைக்கு இங்கேயும் வரும். கேட்கிற பழக்கம் இன்றைக்கே நமக்கு இல்லையென்றால், அது வரும்போது யார் நம்மிடம் கேட்கப் போகிறார்கள்?

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். உடல்நலத் தகவலை அது விசேடமாகக் காக்க வேண்டிய தரவு என்று சொல்கிறது. 2025 மார்ச்சில் முக்கியப் பகுதிகள் நடைமுறைக்கு வர இருந்து, அதுவும் பிற்போடப்பட்டது. ஆனால் கவனியுங்கள், ஒருவர் தன் சொந்த, வீட்டுத் தேவைக்குப் பாவிக்கிற தகவலை அந்தச் சட்டம் தொடாது. பாட்டியின் மகன் தன் குடும்பத்துக்கு அனுப்பிய வொய்ஸ் போன்ற ஒன்றைச் சட்டம் வந்து பிடிப்பது கஷ்டம். அதைப் பிடிக்க வேண்டியது நம் மனசாட்சிதான்.

நம் மார்க்கத்தில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: அமானிதம். ஒருவர் ஒரு விஷயத்தைச் சொல்லும்போது சுற்றும்முற்றும் பார்த்தாலே போதும், அது அமானிதம் ஆகிவிடுகிறது என்ற கருத்தில் ஒரு நபிமொழி உண்டு. "யாரிடமும் சொல்லாதீங்க" என்று அவர் வாயால் சொல்லவே தேவையில்லை. அந்த அக்கா அன்றைக்குக் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். வாங்கில் இருந்தவர்கள் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பேசினார். மனிதர்களுக்குக் கேட்காத அந்தக் குரல் போனுக்குக் கேட்டுவிட்டது. அடுத்தவர் வீட்டுக்குள் நுழையும் முன் அனுமதி கேட்கும்படி குர்ஆன் நமக்குச் சொல்கிறது. ஒருவருடைய உடம்பும் வருத்தமும் வீட்டைவிட நெருக்கமான இடம். அங்கே நுழைய அனுமதி தேவையில்லையா? என் இந்து, கிறிஸ்தவ நண்பர்களின் வீடுகளிலும் பெரியவர்கள் இதைத்தான் சொல்லி வளர்த்திருப்பார்கள்.

சிலர் கேட்பார்கள்: "டீச்சர், ஆஸ்பத்திரியில அநியாயம் நடந்தா வீடியோ எடுக்க வேணாமா? எடுத்தாத்தானே கேக்குறாங்க?" நியாயமான கேள்வி. 2024 இல் சாவகச்சேரி ஆதார வைத்தியசாலை விஷயத்தில் டொக்டர் அர்ச்சுனா பேஸ்புக் நேரலையில் பேசியதை நாம் எல்லாரும் பார்த்தோம். சனம் திரண்டது, நாடே அந்த ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசியது, அதே வருஷம் அவர் பாராளுமன்றமும் போனார். அதன் சரி பிழையை நான் பேச வரவில்லை. ஒரு நேரலைக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்று அன்றைக்குப் பார்த்தோம். அந்தப் பலம் ஒரு நோயாளியின் மேல் விழுந்தால் அவர் தாங்குவாரா என்பதுதான் என் கேள்வி. அநியாயம் நடந்தால் திகதி, நேரம், நடந்த விஷயம் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். ரெக்கோர்ட் இருந்தால் அதையும் பத்திரமாக வையுங்கள். டொக்டரைப் பற்றிய முறைப்பாடு என்றால் இலங்கை மருத்துவச் சபை இருக்கிறது. தமிழில் சேவை கிடைக்கவில்லை என்றால் அரசகரும மொழிகள் ஆணைக்குழு இருக்கிறது. மனித உரிமைகள் ஆணைக்குழுவும் இருக்கிறது. அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள். பின்னால் கட்டிலில் படுத்திருக்கிறவரின் முகத்தோடு பேஸ்புக்கில் போடுவதால் அவருக்கு எந்த நியாயமும் கிடைக்காது.

சரி, நாம் என்ன செய்யலாம்? என் அனுபவத்தில் இருந்து சிலது.

1. கேட்டுவிட்டு ரெக்கோர்ட் பண்ணுங்கள். சிங்களம் தெரியாதவர்கள் இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "டொக்டர், கியன தே ரெகோட் கரகன்ன புளுவன்த? கெதர அயட அஹன்ன." (டொக்டர், நீங்க சொல்றத ரெக்கோர்ட் பண்ணலாமா? வீட்டு ஆட்கள் கேக்க.) "பே" (முடியாது) என்று சொன்னால், மாத்திரை விவரத்தையாவது தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

2. வொய்ஸ் மட்டும் போதும், வீடியோ வேண்டாம். உங்கள் முறை முடிந்து எழும்பும் முன்னமே நிறுத்துங்கள். நான் செய்யத் தவறியது இதைத்தான்.

3. பக்கத்தில் வேறு நோயாளி இருந்தால் அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். "அக்கா, ரெக்கோர்ட் ஓடுது, கொஞ்சம் பொறுத்துப் பேசுங்க" என்று சொல்ல ஐந்து செக்கன் போதும்.

4. விளக்கிச் சொல்லப்போகிற ஒருவருக்கு மட்டும் அனுப்புங்கள். குரூப்பில் போடாதீர்கள். கேட்டு முடிந்ததும் இரண்டு பேரும் அழித்துவிடுங்கள். ரிப்போட், எக்ஸ்ரே, கிளினிக் கொப்பி போட்டோவுக்கும் இதே கதைதான்.

5. இப்படி ஒன்று உங்களுக்கு வந்தால் பகிராதீர்கள். அனுப்பியவருக்கு "அழிச்சிருங்க" என்று சொல்லுங்கள். குரூப் அட்மின்மார் தயவுசெய்து இதை ஒரு விதியாக வையுங்கள்.

6. கண் முகாம், இரத்தப் பரிசோதனை முகாம் நடத்துகிற சங்கங்கள், பள்ளிவாசல் நிர்வாகம், கோயில் நிர்வாகம் எல்லாருக்கும்: அனுசரணையாளருக்குக் காட்ட போட்டோ தேவை என்பது விளங்குகிறது. மண்டபத்தை எடுங்கள், பெனரை எடுங்கள், தொண்டர்களை எடுங்கள். இலவசமாகக் கண்ணாடி வாங்க வந்தவரிடம் கண்ணாடியைக் கொடுக்கும் முன் "போட்டோ எடுக்கலாமா?" என்று கேட்டால் அவர் எப்படி வேண்டாம் என்பார்? கொடுத்து முடித்த பிறகு கேளுங்கள்.

7. என் சக ஆசிரியர்களுக்கு: பாடசாலை மருத்துவப் பரிசோதனை நாளில் தராசில் நிற்கிற பிள்ளையைப் போட்டோ எடுக்க வேண்டாம். நிறையை உரக்க வாசிக்கவும் வேண்டாம். நானும் முன்பு அப்படிப் போட்டோ போட்டிருக்கிறேன். தேடித்தேடி அழித்துவிட்டேன்.

ஆஸ்பத்திரிப் பக்கத்தில் இருப்பவர்களிடமும் பணிவாகக் கேட்கிறேன். அறைக்குள் ஒரு நேரத்தில் ஒரு நோயாளி. முடியாவிட்டால் இடையில் ஒரு திரைச்சீலை. தமிழில் சொல்ல ஒருவர். ரெக்கோர்ட் பண்ண விரும்பினால் கேளுங்கள் என்று தமிழில் ஓர் அறிவித்தல். இதற்குப் பெரிய செலவு வராது. நீங்கள் எவ்வளவு கூட்டத்தைச் சமாளிக்கிறீர்கள் என்று வாங்கில் இருந்து பார்த்திருக்கிறேன். நம் ஆட்கள் ஒளித்து ரெக்கோர்ட் பண்ணுவது உங்களை மாட்டிவிட என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் அது விளங்காத பயம்.

கடைசியாக, அந்த அக்காவைப் போய்ப் பார்த்தேன். நான்தான் அந்தப் போனை நிறுத்த மறந்தேன் என்று சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. தேத்தண்ணி ஊற்றித் தந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "டீச்சர், அவங்க பேசுனது பெருசில்ல. எம்புள்ள கேட்டுச்சு, அதான் தாங்க முடியல" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இதை எழுதலாமா என்று அவரிடமும் பாட்டியிடமும் கேட்டேன். வருத்தத்தையும் இடத்தையும் சொல்ல வேண்டாம் என்றார்கள். சொல்லவில்லை. அடையாளம் தெரியாமல் இருக்க வேறு சிலவற்றையும் மாற்றியிருக்கிறேன். எழுதி முடித்ததும் இரண்டு பேருக்கும் வாசித்துக் காட்டினேன். அக்கா ஓரிடத்தில் ஒரு வரியை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன்.

அடுத்த கிளினிக்குக்கு அவருடன் நானும் போகிறேன். இம்முறை அவர் பேசும்போது நான் வெளியே நிற்பேன். கூப்பிட்டால் மட்டும் உள்ளே போவேன்.

இந்தப் பதிவைப் பகிர விரும்பினால் தாராளமாகப் பகிருங்கள். யார் அந்த அக்கா என்று மட்டும் கீழே யாரும் கேட்க வேண்டாம்.